பீப்பாய் தூக்க ஊரில் பிறந்திருக்க வேண்டும்

கிப்பி ஃப்ளெட்டின் அம்மாவுக்கு இடுப்புவலி கண்டபோது அந்தக் கடலோர மீன்பிடி ஊரான ஸ்கார்ஹெட்டில் டாக்டர் இல்லை. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இது என்னால் ஆகாது என்று கையை விரித்தாள். மீன் ஏற்றிப் போகும் லாரியில், பனிக்கட்டிப் பெட்டிகளை ஒதுக்கி இடம் பண்ணி, அவளைப் படுக்கவைத்து எல்ஜின் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஒரு வாரம் கழித்து அதே லாரியில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வேறு ஊராக இருந்தால் அதோடு எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள்.

ஸ்கார்ஹெட் மறக்கிற ஊர் இல்லை. அரசாங்கம் காலண்டரை மாற்றி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஊருக்கு ஜனவரி பதினொன்றாம் தேதி சாயங்காலம்தான் வருஷம் பிறந்தது. அன்றைக்குப் பாதிப் பீப்பாயில் தாரும் விறகும் நிரப்பிக் கொளுத்தி, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் சுற்றி, கடைசியில் குன்றின் உச்சியில் கொண்டுபோய் வைப்பார்கள். பாதிரியார்கள் தலைமுறை தலைமுறையாக இது பிசாசுக்குச் செய்கிற பூசை என்று சர்ச்சில் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் திட்டை வாங்கிக்கொண்டே சுமந்தார்கள். தீ அணையாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த வருஷம் கடல் ஆளைக் கேட்காது. சுமக்கிறவன் கால் இடறி விழுந்தால் அவன் வீட்டில் ஒரு சாவு விழும். சுமக்கிறவன் ஸ்கார்ஹெட்டில் பிறந்திருக்க வேண்டும். அப்பனும் பாட்டனும் அங்கே பிறந்தது கணக்கில் வராது, அவனே பிறந்திருக்க வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

எதிர்வீட்டு டாட் கௌவியும் கிப்பியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள், ஒன்றாக நண்டு பிடித்தார்கள், ஒன்றாக அடிவாங்கினார்கள். பதினெட்டு வயதானதும் பீப்பாய்க் கூட்டத்தில் சேர்வதற்காகப் படகு கட்டும் கொட்டகைக்கும் ஒன்றாகவே போனார்கள். டாடின் அப்பாதான் அப்போது அந்தக் கூட்டத்தை நடத்தும் தீத்தலைவர். பீப்பாயில் கம்பம் பொருத்திக் கல்லால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குச் சுத்தியலைத் தொடமாட்டார்கள். கல்லைப் பிடித்திருந்தவர்களில் கிப்பியின் அப்பாவும் ஒருவர்.

பெரிய கௌவி தன் மகனைத் தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டுக் கிப்பியைப் பார்த்தார்.

“நீ எதுக்குப்பா வந்திருக்க?”

“நானும் தூக்கறேன் ஐயா. டாடோட.”

“எங்க பொறந்த நீ?”

கிப்பி தன் அப்பாவின் பக்கம் பார்த்தான்.

“உன்னத்தான் கேக்கறேன். வாயில என்ன, மீனா வெச்சிருக்க?”

“எல்ஜின்ல. ஆனா ஒரு வாரம்தான்யா அங்க இருந்தேன்.”

“அப்ப எல்ஜின்ல ஏதாச்சும் பீப்பாய் எரிஞ்சா போய்த் தூக்கு. இல்லன்னா அங்க துணிக்கடையில மூட்டை தூக்கு, சம்பளமாவது குடுப்பான்.”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. டாடும் சிரித்தான், உள்ளே போய்விட்டவன் சிரிக்கிற சிரிப்பு. கிப்பியின் அப்பா தலையைத் தூக்கவில்லை. அடித்து முடித்த ஆணியையே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். அன்று முதல் கிப்பிக்கு ஊரில் ‘எல்ஜின்’ என்று பெயர். “எல்ஜின் வந்துட்டான்யா, ஒரு கிளாஸ் ஊத்து” என்பார்கள். விரோதமாகச் சொன்னதில்லை. அன்போடு சொன்னதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

அவன் அம்மா மட்டும் ஒரு தடவை, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “நான் செத்தா செத்துட்டுப் போறேன்னு இங்கயே கெடந்திருக்கணும். நீயாவது ஊர்க்காரனா இருந்திருப்ப.”

கிப்பிக்கு நகராட்சியில் சாலை வேலை கிடைத்தது. குளிர்காலத்தில் உப்பும் மணலும் தூவுகிற வண்டி அவன் கையில். ஜனவரி பதினொன்று மத்தியானம் பீப்பாய் போகிற வழி முழுக்க அவன்தான் மணல் தூவினான். யாரும் சொல்லி அல்ல. பனி உறைந்த இறக்கத்தில் டாட் எரியும் தாரைச் சுமந்து ஓடும்போது கால் வழுக்கக் கூடாது என்று அவனாகவே தூவினான். மறுநாள் காலையில் தெருவில் ஒழுகி இறுகிப்போன தாரைச் சுரண்டுவதும் அவன் வேலைதான். நடுவில் இருக்கிற அந்தச் சாயங்காலத்தில் அவன் கூட்டத்தோடு கூட்டமாக நடைபாதையில் நிற்பான். தீ அவனைக் கடந்துபோகும்போது முகத்தில் வெப்பம் அடிக்கும். தோள் தானாக ஒருமுறை மேலே எழும்பி இறங்கும்.

நெட்டா, நேர்ன் என்கிற ஊர்க்காரி. ரொட்டிக்கடையில் வேலைக்கு வந்தவள். கிப்பியைக் கட்டிக்கொண்ட முதல் வருஷம் பீப்பாயைப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு? கோட்டெல்லாம் தார் நாத்தம்” என்றாள். கிப்பி அதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, தான் எதற்குள் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று.

ஐந்தாவது வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, தலைப்பிள்ளை வேறு, கடைசி வாரமே எல்ஜினுக்கு வந்து படுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கிப்பி தேநீர் போட்டான். தேநீர் குடிக்கும்போது ஆரம்பித்தான்.

“இங்கயே பெத்துக்கலாமே நெட்டா.”

“டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா?”

“அவரு எல்லாருக்கும் அதத்தான் சொல்வாரு. நர்ஸ் இருக்காங்கல்ல? போன வருஷம் டாட் பொண்டாட்டி வீட்லதான பெத்தா.”

“அவளுக்குக் கொதிப்பு இருந்துச்சா?”

“பையனாப் பொறந்தா அவனும் என்ன மாதிரி ஓரமா நிக்கணுமா? எல்ஜின் மவன் எல்ஜின்னு சொல்லுவாங்க.”

“சொன்னா என்ன? சோறு எறங்காதா?”

“உனக்குப் புரியாது.”

புரியாது என்ற அந்தச் சொல்லைப் பல வாரம் சொன்னான். கடைசியில் அவள் சலித்துப்போய்ச் சரி என்றாள். சம்மதித்ததாக அவன் எடுத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் வலி வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. நர்ஸ் இரண்டு மணி நேரம் கூடவே இருந்துவிட்டு வெளியே வந்து, “கிப்பி, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு, இப்பவே” என்றாள். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் சிவப்புக் கூண்டு. கிப்பி ஓடினான். கூண்டின் கதவைத் திறக்கக் கையை வைத்தவன் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பிறந்துவிடலாம். நர்ஸ்கள் எப்போதும் பயப்படுவார்கள். இப்போது போன் பண்ணினால் வழியில், எங்கோ ஒரு வயல் ஓரத்தில், பிறந்துவிட்டால்? அவன் கூண்டின் பக்கத்தில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். அதை முழுக்கக் குடித்தான். பிறகுதான் உள்ளே போனான்.

ஆம்புலன்ஸ் பனியில் சிக்கித் திணறி வந்து சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. ஆண். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அரைமணி நேரம் உயிர் இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். ஆம்புலன்ஸ் முன்கூட்டி வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஃபெர்கஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குன்றின் பின்பக்கக் கல்லறையில் புதைத்தபோது பீப்பாய்க் கூட்டத்தார் எல்லோரும் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார்கள். பெரிய கௌவி கிப்பியின் தோளில் கைவைத்து, “மனசத் தேத்திக்க. ஸ்கார்ஹெட்ல பொறந்தவன். நம்ம பையன்” என்றார்.

அதைக் கேட்டதும் கிப்பிக்கு நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. பெருமைதான் அது. ஒரு நொடி இருந்துவிட்டுப் போய்விட்டது. அந்த ஒரு நொடியை அவன் அதற்கப்புறம் வாழ்ந்த எந்த நாளிலும் தன்னிடமிருந்து மறைத்துக்கொள்ள முடியவில்லை.

வேறு பிள்ளை பிறக்கவில்லை. நெட்டா ரொட்டிக்கடையிலேயே இருந்தாள். கிப்பி மணல் தூவினான், தார் சுரண்டினான். பெரிய கௌவி போய்ச் சேர்ந்து டாட் தீத்தலைவரானான். எரியும் தார் ஒழுகி டாடின் முதுகில் வழுவழுப்பான தழும்புகள் விழுந்தன. கோடையில் சட்டையைக் கழற்றிக்கொண்டு துறைமுகத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் காட்டுவான். வீட்டில் ஃபெர்கஸ் என்ற பெயரை இருவரும் சொல்வதில்லை. சண்டையும் இல்லை. உப்பை எடு, கதவைச் சாத்து, மழை வரும்போல இருக்கிறது என்கிற பேச்சிலேயே முப்பத்தெட்டு வருஷம் ஓடிற்று.

கிப்பி ஓய்வு பெற்ற வருஷம், டிசம்பர் கடைசியில், துறைமுக பாரில் டாட் எல்லோருக்கும் விஸ்கி வாங்கிக்கொடுத்தான். அவன் பேரன் ஸ்ட்ரூவன் அந்த வருஷம்தான் கூட்டத்தில் சேர்கிறான். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். நல்ல பையன், கிப்பிக்கும் அவனைப் பிடிக்கும். கிளாஸை உயர்த்திக் குடித்துவிட்டுக் கிப்பி சும்மாதான் கேட்டான்.

“இவன் எங்க பொறந்தான் டாட்?”

“அபர்டீன்ல. ஏன்?”

“அபர்டீன்லயா?”

“பின்ன எங்க பொறப்பான்? இந்த ஊர்ல புள்ள பொறந்து எத்தன காலமாச்சு! எல்லாரும் ஆஸ்பத்திரிலதான பெத்துக்கறாங்க.”

“அப்ப... பொறந்திருக்கணுங்கறது?”

டாட் கொஞ்சம் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், அதுதான் கிப்பியைச் சுட்டது.

“அத இப்பல்லாம் யாரு பாக்கறா? பாத்தா ஆள் கெடைக்குமா? ரெண்டு மூணு வருஷமா, இல்ல, அதுக்கும் முன்னாடியே... பெத்தவங்க இங்க இருந்தா போதும்னு ஆயிடுச்சு.”

“யாரு மாத்துனது?”

“யாரும் மாத்தலப்பா. தானாப் போயிருச்சு.” டாட் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். “ஏன் எல்ஜின், நீயும் வரியா? இந்த வருஷம் ஒரு பத்தடி தூக்கிப் பாரு. மூட்டுக்குக் கீட்டுக்கு ஏதாச்சும் ஆனா நான் பொறுப்பில்ல!”

பார் சிரித்தது. கிப்பி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். வீட்டுக்குப் போகும் வழி அவனுக்குக் கண் தெரியாதவன் போகிற வழி மாதிரி இருந்தது.

நெட்டா புகைமீன் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான். ஸ்ட்ரூவன் அபர்டீனில் பிறந்தவன். அந்தச் சட்டம் இப்போது இல்லை. தானாகப் போய்விட்டதாம்.

“தெரியும்” என்றாள் நெட்டா.

“என்ன தெரியும்?”

“ரொட்டிக்கடையில நிக்கறவளுக்குத் தெரியாம யாரு வயித்துல என்ன வளருது, எங்க போயிப் பெத்துக்கறா? அந்தக் கூட்டத்துல இப்ப பாதிப் பேரு எல்ஜின்லயும் அபர்டீன்லயும் பொறந்தவனுங்க. பதினஞ்சு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீயாக் கேக்கறயான்னு பாத்தேன்.” அடுப்பை அணைத்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள். “கிப்பி, அன்னிக்கு என்னக் கட்டில்ல ஜன்னல் பக்கமாத்தான் படுக்க வெச்சிருந்தாங்க. அந்தக் கூண்டு அங்கேர்ந்து நல்லாத் தெரியும். பனி வெளிச்சம் வேற.”

கிப்பி படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“சிகரெட்டு தீர்ற வரைக்கும் நின்ன. வலில கத்தறதக்கூட நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன், இவன் எப்ப உள்ள போவான்னு.”

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். இருவரும் சாப்பிட்டார்கள், அல்லது சாப்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனவரி பதினொன்று வந்தது. கிப்பி அந்த வருஷம் வெளியே போகவில்லை. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பீப்பாய் சுற்றி வரும்போது எரிகிற கட்டை ஒன்றிரண்டை ஊரில் சில வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அதை அடுப்பில் போட்டால் அந்த வருஷம் வீட்டுக்கு நல்லது. யார் வீட்டுக்கு என்பது தீத்தலைவரின் இஷ்டம். ஃப்ளெட் வீட்டுக்கு ஒரு வருஷமும் வந்ததில்லை. பாரில் நடந்தது டாடுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஏழு மணி வாக்கில் கதவைத் தட்டினார்கள். நெட்டா போய்த் திறந்தாள். முகமெல்லாம் கரியாக, தகரத் தட்டில் புகைகிற கட்டையோடு ஸ்ட்ரூவன் நின்றான். அவனுக்குப் பின்னால் தெரு நிறைய ஆட்கள்.

“ஆன்ட்டி, தாத்தா குடுத்தனுப்புனாரு. வருஷம் நல்லாருக்கட்டும்.”

“இருப்பா” என்று நெட்டா உள்ளே போனாள். பாத்திரம் கழுவி அழுக்குத் தண்ணீர் நின்ற வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து கீழே வைத்தாள். இடுக்கியால் கட்டையை எடுத்து அந்தத் தண்ணீரில் முக்கினாள். சீறிக்கொண்டு அணைந்தது. “உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. பாத்துப் போ, படி வழுக்கும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்த ஊரில் அப்படி ஒருத்தர் செய்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் டாட் வந்தான். உள்ளே வரவில்லை.

“என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க? பையன் ராத்திரி முழுக்கத் தூங்கல. அறுபது வருஷ சிநேகிதம்னு குடுத்தனுப்புனா, சாக்கடைத் தண்ணில போடுவீங்களா?”

“உன் பேரனுக்கு ஒரு சட்டம், என் மவனுக்கு ஒரு சட்டமா டாட்?”

“உன் மவனா? அவன் இங்கதானடா பொறந்தான்?” கேட்டுவிட்டுப் பிறகுதான் டாடுக்குப் புரிந்தது. முகம் மாறியது. ஆனால் பின்வாங்குகிற ஆள் இல்லை அவன். “அதுக்காகவா? அதுக்காகவாடா அவள வீட்ல வெச்சிருந்த? யாரு சொன்னா உன்ன? எங்கப்பன் சொன்னானா? நான் சொன்னனா? பீப்பாய்டா அது, கிப்பி. தார் ஊத்துன பீப்பாய். அதுக்குப் போயி எவனாவது...” முடிக்காமல் திரும்பி நடந்தான்.

சொன்னது டாட்தான் என்றாலும் அதில் பொய் என்று தள்ளக் கிப்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யாரும் அவனிடம் சொல்லவில்லைதான். ஊர் ஒரு வேலி போட்டிருந்தது. அதற்குள் பிள்ளையைத் தள்ளிவிடப் பார்த்தது அவனுடைய கைதான். இத்தனை வருஷமும் ஊரை நினைத்துக் கசந்துகொண்டிருந்தவனுக்கு அந்தக் காலையிலிருந்து கசந்துகொள்ள ஊரும் இல்லாமல் போயிற்று.

வசந்தத்தில் நெட்டா நேர்னில் இருந்த தன் தங்கை ஈனாவின் வீட்டுக்குப் போனாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஈனாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போனாள். ஈனா எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் வரவில்லை. கிப்பி வா என்று கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, நெட்டா தானாக, “ஃபெர்கஸ் இருந்திருந்தா இந்நேரம் தலை நரைச்சிருக்கும்” என்றாள். கிப்பி, “உங்கப்பா மாதிரி முன்னாடியே வழுக்கை விழுந்திருக்கும்” என்றான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் நடையை அவனுக்காகக் கொஞ்சம் மெதுவாக்கினாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஜனவரி பதினொன்று அன்று ஸ்கார்ஹெட்டில் இருக்கப் பிடிக்காமல் அவன் மத்தியானமே நேர்னுக்குப் போய்விட்டான். சாயங்காலம் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“கிப்பி, உங்க ஊரக் காட்டறான் பாரு!” என்று ஈனா சத்தத்தைக் கூட்டினாள்.

தீ, புகை, ஓடுகிற ஆட்கள். அப்புறம் டாட். தலைமுடி தீய்ந்து, முகமெல்லாம் தார் அப்பி, மைக்கின் முன்னால் நின்றான். யார் வேண்டுமானாலும் இதைச் சுமக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள்.

“அதெப்படி? ஸ்கார்ஹெட்ல பொறந்தவன் மட்டும்தாம்மா தூக்கலாம்” என்றான் டாட், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் அதுல மட்டும் நாங்க மாறுனதே இல்ல.”

பக்கத்தில் ஸ்ட்ரூவன் தலையை ஆட்டினான்.

நெட்டா ரிமோட்டை எடுக்கவில்லை. பின்னிக்கொண்டிருந்த கம்பளி மடியில் கிடந்தது. கிப்பி எழுந்து, உருளைக்கிழங்கு வெந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டான்.